ஆலோசனை சொல்ல வந்தவர்களும் ஒரு சோடாபுட்டிக் கண்ணாடியும்

போன மாதம் இரண்டு இளைஞர்கள் வீடு தேடி வந்தார்கள். வெளிநாட்டில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு தொண்டு நிறுவனமாம். கல்வராயன் மலையில் வேலை தொடங்கப் போகிறார்களாம். "உங்களை ஆலோசனைக் குழுவில போடலாம்னு இருக்கோம் சார். உள்ளூர்ப் பெரியவர் ஒருத்தர் இருக்கணும்னு மேல சொல்றாங்க" என்றார்கள்.

நான் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சார். பேரும் ஒரு போட்டோவும் குடுத்தா போதும்."

காபி கொண்டு வந்த என் மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முப்பத்தஞ்சு வருசம் வாத்தியார் வேலை பார்த்து வராத பதவி இப்ப வீடு தேடி வருது, விட்டுடாதீங்க" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர்களை அனுப்பி வைத்தேன்.

அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. பழைய சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அதைப் பற்றியும், ஆலோசனைக் குழு என்றால் என்னவென்று காட்டிய சிலரைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை.

எழுபதுகளின் கடைசியில் நான் அறிவியல் ஆசிரியராக வேலை பார்த்த பள்ளியில் கண் சிகிச்சை முகாம் நடக்கும். என் வயதுக்காரர்களுக்கு அந்தக் காட்சி மறந்திருக்காது. வகுப்பறை பெஞ்சுகளை ஒன்றாகச் சேர்த்துப் போட்டு, பினாயில் தெளித்து, அங்கேயே அறுவை சிகிச்சை செய்வார்கள். பக்கத்து அறைகளில் பாய் விரித்து, இரண்டு கண்ணிலும் கட்டோடு வரிசையாகப் படுக்க வைப்பார்கள். தலையை அசைக்கக் கூடாது, இருமக் கூடாது. நாலைந்து நாள் கழித்துக் கட்டை அவிழ்த்து, பச்சைத் துணி கட்டி அனுப்புவார்கள். பிறகு ஆளுக்கொரு தடித்த கண்ணாடி. பெயர் எழுதுவதும் கஞ்சி ஊற்றுவதும் எங்களைப் போன்ற ஆசிரியர்களின் வேலை.

ஒரு முகாமுக்கு வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பேரன் ஒரு கோலின் முன்நுனியைப் பிடித்து நடக்க, பின்நுனியைப் பிடித்தபடி மலையிலிருந்து நடந்தே இறங்கியிருந்தார். மலையை அப்போதுதான் அரசு ஏற்றிருந்தது. சுதந்திரம் வந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் பிடியில்தான் இருந்தது. 1976-இல்தான் அது முடிவுக்கு வந்தது. நமக்கு மாவட்டத் தலைநகர் அன்று கடலூர். மலைக்காரருக்குக் கள்ளக்குறிச்சியே தூரதேசம்.

கட்டு அவிழ்த்துக் கண்ணாடி போட்டதும் அந்தப் பெரியவர் முதலில் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு பேரனைப் பார்த்து, "இவ்வளவு வளந்துட்டியாடா" என்றார். அன்று கூடத்தில் அழாதவர்கள் குறைவு.

அடுத்த வருடம் கச்சிராயபாளையம் சந்தையில் அவரை மறுபடி பார்த்தேன். மறுபடியும் கோலின் பின்நுனியில். புளி உலுக்கும்போது கண்ணாடி பாறையில் விழுந்து உடைந்துவிட்டதாம். "இன்னொண்ணு எங்க சாமி வாங்கறது?" என்று என்னிடமே கேட்டார்.

பாடம் நடத்துகிறவனுக்கு விஷயம் புரிந்தது. கண்புரை என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லை வெண்மையாகிப் போவது. அந்தக் காலத்து முறையில் வில்லையை முழுதாக எடுத்துவிடுவார்கள். அதன் வேலையை வெளியே அந்தத் தடித்த கண்ணாடிதான் செய்ய வேண்டும். கண்ணாடி போனால் பார்வையும் போனது மாதிரிதான். ஆனால் நான் என் கையால் எழுதிய முகாம் அறிக்கையில் அவர் "பார்வை பெற்றவர்" கணக்கில் இருந்தார். அடுத்த முகாமில் ஒரு கண்ணாடி கேட்டு வாங்கி வைத்தேன். அதற்குப் பிறகு அவர் சந்தைக்கு வரவில்லை. அந்தக் கண்ணாடி வெகுநாள் என் மேசை இழுப்பறையில் கிடந்தது.

ஜாகீர் முடிந்த அதே 1976-இல் மதுரையில் ஒரு அரசு டாக்டர் பணி ஓய்வு பெற்றார். வயது 58. பெயர் கோவிந்தப்ப வெங்கடசாமி. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்துக்காரர். ராணுவத்தில் டாக்டராக இருந்தபோது முடக்குவாதம் வந்து, கைவிரல்கள் கோணிப்போய், வேலையையே விட வேண்டி வந்தவர். அந்த விரல்களைப் பழக்கிப் பழக்கிக் கண் அறுவை சிகிச்சை கற்றுக்கொண்டார். வாழ்நாளில் அவர் செய்த அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல். ஓய்வுக்குப் பிறகு நாம் திண்ணையும் செய்தித்தாளுமாக உட்கார்கிறோம். அவர் தங்கை, தம்பி, மைத்துனர் என்று குடும்பத்தையே கூட்டிக்கொண்டு, ஒரு வீட்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவருக்கு வெளிநாட்டுத் தொடர்பு அதற்கு முன்பே உண்டு. 1960களில் இங்கிலாந்தின் சர் ஜான் வில்சனைச் சந்தித்திருந்தார். வில்சன் 12 வயதில் பள்ளி ஆய்வுக்கூடத்தில் நடந்த வெடிவிபத்தில் இரண்டு கண்களையும் இழந்தவர். 1950-இல் பார்வையற்றோருக்காகத் தொடங்கப்பட்ட, பின்னாளில் ராயல் காமன்வெல்த் சங்கம் என்று அறியப்பட்ட அமைப்பை நடத்தியவர். இந்தியாவில் கண் முகாம்கள் பெருகியதில் அந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பார்வையின் அருமையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1978 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சிலர் கூடி ஒரு தொண்டு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். பெயர் சேவா. நம்முடைய 'சேவை'தான். பெரியம்மையை இந்தியாவிலிருந்து ஒழித்த உலக சுகாதார நிறுவனப் பணியில் இருந்த டாக்டர் லாரி பிரில்லியன்ட், அவர் மனைவி கிரிஜா, அந்தப் பணியை முன்னின்று நடத்திய டாக்டர் நிக்கோல் கிராசே ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். ஹார்வர்டில் உளவியல் பேராசிரியராக இருந்து, நீம் கரோலி பாபாவின் சீடராகி ராம் தாஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டவரும் இருந்தார். வேவி கிரேவி என்ற கோமாளியும் குழுவில் ஒருவர். தொழில்முறைக் கோமாளியேதான், மூக்கில் சிவப்புப் பந்து வைத்துக்கொள்கிறவர். ஆரம்பத்தில் பணம் கொடுத்தவர்களில் ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸும் உண்டு.

இப்படியொரு கலவையான கூட்டத்தில், கோணல் விரல்களோடு மதுரை டாக்டரும் தொடக்க காலத்திலிருந்தே அங்கம் வகித்தார். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல நினைக்கிறேன். உதவி வாங்குகிற இடத்து மனிதர், உதவி தருகிற இடத்து மேசையில் சரிசமமாக உட்கார்ந்தார். வெறும் பெயரும் போட்டோவுமாக இல்லை.

அவர்களின் முதல் வேலை நேபாளத்தில். நாடு முழுக்கக் கணக்கெடுத்தார்கள். 1981-இல் முடிவு வந்தது: மக்களில் 0.84 சதவீதம் பேர் இரண்டு கண்ணும் தெரியாதவர்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு கண்புரையால் வந்தது, அதாவது அறுவை சிகிச்சையால் தீரக்கூடியது.

பிறகு நம் பக்கம் ஒரு கேள்வி எழுந்தது. இலவசம் என்று சொல்லியும் ஜனங்கள் ஏன் வருவதில்லை? பிரில்லியன்ட் தம்பதியும் அரவிந்த் மருத்துவர்களும் மதுரைச் சுற்றுவட்டாரக் கிராமங்களில் இதையே ஓர் ஆராய்ச்சியாகச் செய்தார்கள். சில ஊர்களில் வெறும் பிரசாரம். சில ஊர்களில் ஏற்கெனவே பார்வை பெற்ற ஒருவரே வீடு வீடாகப் போய்ப் பேசினார். சில ஊர்களில் பஸ் செலவும் சாப்பாடும் சேர்த்துக் கொடுத்தார்கள். செலவு முழுவதையும் ஏற்றுக்கொண்ட இடங்களில் கூடுதல் பேர் முன்வந்தார்கள். சிகிச்சை இலவசம்தான். ஆனால் போய்வரும் பஸ்ஸும், துணைக்கு வருகிறவரின் ஒரு நாள் கூலியும் இலவசமில்லையே. வெள்ளிமலைப் பெரியவரோடு வந்த பேரன் அத்தனை நாளும் பள்ளி வராந்தாவில்தான் படுத்திருந்தான். அவன் சாப்பாட்டுக்கு என்ன வழி என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

அடுத்து வந்ததுதான் பெரிய வழக்கு. கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லை வைக்கும் முறையை 1949-இல் லண்டனில் டாக்டர் ஹெரால்ட் ரிட்லி தொடங்கிவைத்தார். போரில் விமானிகளின் கண்ணில் தெறித்த பிளாஸ்டிக் துண்டுகள் கண்ணைக் கெடுக்காமல் கிடந்ததைக் கவனித்ததில் பிறந்த யோசனை அது. எண்பதுகளில் அமெரிக்காவில் அதுவே வழக்கமாகிவிட்டது. விலைதான் யானை விலை, ஒரு வில்லை 100 டாலர் அளவில்.

ஏழை நாடுகளுக்கு இது தேவையா என்று உலக அளவில் நிபுணர்கள் விவாதித்தார்கள். தேவையில்லை என்றவர்களே அதிகம். கண் தெரியாமல் கோடிக்கணக்கானவர்கள் காத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வில்லை வைக்கும் பணத்தில் பலருக்குப் பழைய முறையில் சிகிச்சை செய்து கண்ணாடி கொடுக்கலாம் என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கணக்கிலும் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கில் கண்ணாடி உடைவதே இல்லை. பாறை இல்லை, புளியமரம் இல்லை.

மதுரை டாக்டரும் சேவாக்காரர்களும் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. கலிபோர்னியாவிலிருந்து டாக்டர் லிட்வின் வந்து வில்லை வைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். டேவிட் கிரீன் என்பவர் அமெரிக்கக் கம்பெனிகளிடம் பேசி வில்லைகளை நன்கொடையாக வாங்கி அனுப்பினார். ஆனால் இனாமாக வருவது என்றைக்கு நிற்குமோ. அப்படியானால் நாமே செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தார்கள். 1992-இல் மதுரையில் ஆரோலேப் தொடங்கியது. 100 டாலர் வில்லை 10 டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது. இன்று அங்கிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது.

அதே 1992-இல் லயன்ஸ் சங்கமும் சேவாவும் துணைநிற்க, பிற நாட்டு மருத்துவமனைகளுக்குப் பயிற்சி தரும் நிறுவனம் ஒன்றும் அரவிந்தில் உருவானது. ஒரு காலத்தில் ஆலோசனை வாங்கிய இடம், ஆப்பிரிக்காவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற இடமாயிற்று. டாக்டர் வெங்கடசாமி 2006-இல் காலமானார்.

2003-இல் புதுச்சேரியிலும் அரவிந்த் வந்தபோது நம் பக்கத்துக்காரர்களுக்கு மதுரைப் பயணம் மிச்சமாயிற்று. என் வலது கண்ணுக்கும் அங்கேதான் வில்லை வைத்தார்கள். காலையில் உள்ளே போனேன், அன்றைக்கே வெளியே வந்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சங்கராபுரம் பக்கத்து விவசாயக் கூலி. அவருக்கு இலவசம், நான் பணம் கட்டியவன். இரண்டு பேர் கண்ணிலும் வில்லை இருந்தது. யார் கையிலும் சோடாபுட்டிக் கண்ணாடி இல்லை. அதைக் கவனித்தபோது மலைப் பெரியவரின் நினைப்பு வந்து, சொட்டு மருந்தினால்தான் கண் கலங்குகிறது என்று என் மனைவியிடம் சொல்லிச் சமாளித்தேன்.

இப்போது அந்த இளைஞர்களுக்கு வருகிறேன். ஒரு வாரம் கழித்து அவர்களைக் கூப்பிட்டு என் பதிலைச் சொன்னேன். "தம்பி, பேரு தர்றேன், போட்டோவும் தர்றேன். ரெண்டு விஷயம் கேக்கறேன். கூட்டம் வெள்ளிமலையில நடக்கணும், கள்ளக்குறிச்சி ஓட்டல்ல வேண்டாம். குழுவில என்னை மாதிரி கீழூர் ஆளு ஒருத்தர் போதும். மலைக்காரங்க ரெண்டு பேராவது உக்காரணும், அதுல ஒருத்தர் பொம்பளையா இருக்கணும்."

மேலே கேட்டுச் சொல்கிறோம் என்று போனார்கள். இதை எழுதுகிற நாள் வரை பதில் வரவில்லை. வந்தால் போவேன். வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார இன்னும் கால் தெம்பு இருக்கிறது. அந்தப் பேரன் எங்கேயாவது இருந்தால் இப்போது அவனே தாத்தாவாகியிருப்பான். கூட்டத்தில் அவன் உட்கார்ந்திருந்தால், எங்களில் யாருக்கும் தோன்றாத கேள்வியை அவன்தான் முதலில் கேட்பான்: கண்ணாடி உடைஞ்சா என்ன செய்யறது?