முதல் ஆணை யாருடையது?

சுங்கை சிப்புட் என்னும் பெயர் உலகச் செய்தித்தாள்களில் ஏறிய நாள் 1948 ஜூன் 16. அன்று எல்பில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலுமாக மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில் மலாயா முழுமைக்கும் அவசரகாலம் பிரகடனமாயிற்று; அது நீங்கியது 1960 ஜூலை 31-இல்தான். இவ்வரலாற்றைப் பேராக் தமிழர் பாட்டன் பாட்டிமார் வாய்மொழியாகவே அறிவர். ஆனால் அதற்கு ஐந்து நாள் கழித்து, ஜூன் 21-இல், இங்கிலாந்தில் மான்செஸ்டர் பல்கலைக் கழகத்து அறையொன்றில் நிகழ்ந்ததை அறிந்தவர் நம்முள் சிலரே. தன் நினைவகத்திலேயே ஆணைகளை வைத்துக்கொண்டு இயங்கும் மின்னணுக் கணிப்பொறி, அன்றுதான் முதன்முறையாக ஒரு கணக்கைச் செய்து முடித்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு ஏதும் இல்லை. நாள்கள் நெருங்கி வந்தது தற்செயலே. ஆயினும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க ஒரு காரணம் உண்டு. தோட்டத்தில் விடியற்காலைப் பெரட்டில் முதல் ஆணையை இடுபவர் யார் என்பதே மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது. கணிப்பொறியின் வரலாற்றிலும் அதே கேள்வி பிறந்த நாள் தொட்டு இருந்து வருகிறது. செம்பனை எண்ணெய் ஆலைகளிலும் நீரேற்று நிலையங்களிலும் இன்று இடம்பெறும் கணிப்பொறி, பல வேளைகளில் உள்ளங்கை அகலமே உள்ள ஒரு பலகை. அதனுள் ஓடுவது லினக்ஸ். அப்பலகை எவ்வாறு கண்விழிக்கிறது என்பதை ஆராயப் புகுந்தால் அக்கேள்வி நம் வாசலுக்கே வந்துவிடுகிறது.

மான்செஸ்டர் பொறியை ஆக்கியோர் பிரெடெரிக் வில்லியம்ஸ், டாம் கில்பர்ன், ஜெஃப் டூட்டில் ஆகிய மூவர். அதன் நினைவகம் 1,024 இருமக் குறிகளை மட்டுமே கொள்ளும். முதற் கணக்கிற்கு 17 ஆணைகள். ஓட்டம் 52 நிமிடம். 262,144 என்னும் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களுள், அவ்வெண் நீங்கலாக, மிகப் பெரியது 131,072 என்பது விடை. பாதியாக வகுத்து இதைப் பள்ளிச் சிறுவனும் நொடியில் சொல்லிவிடுவான்! ஈண்டுக் கருதத் தக்கது விடையன்று. அப்பதினேழு ஆணைகள் பொறிக்குள் புகுந்த வழியே. அவற்றை மனிதக் கைதான் பொத்தான் பொத்தானாக அழுத்தி உள்ளே ஏற்றிற்று.

ஆணைகளைத் தானே படித்துக்கொள்ள வேண்டுமாயின், படிப்பது எப்படி என்னும் ஆணைகள் பொறிக்குள் முன்னமே இருக்கவேண்டும். அவற்றை ஏற்றியவர் யார்? எத்துணைத் தேர்ந்த கழைக்கூத்தாடியும் தன் தோள்மேல் தானே ஏற இயலாது என்று நம் தருக்க நூலார் காட்டும் உவமை இதற்கு மிகவும் பொருந்தும். மேல்நாட்டார் இதனையே, தன் பூட்சின் வாரைப் பற்றித் தன்னைத் தானே தூக்கிக்கொள்வது என்பர். அவ்வாருக்குரிய 'பூட்ஸ்டிராப்' என்னும் சொல்லே குறுகி, கணிப்பொறியைத் துயிலெழுப்பும் செயலுக்குப் 'பூட்' எனப் பெயராயிற்று.

முடிச்சை அவிழ்த்தவர் கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்சின் மாணவராக இருந்த டேவிட் வீலர். அங்கே கட்டப்பட்ட எட்சாக் என்னும் கணிப்பொறி 1949 மே 6-இல் இயங்கியபோது, வீலர் வகுத்த 31 ஆணைகள் கம்பி இணைப்பாகவே அதனுள் நிலைபெற்றிருந்தன. அவற்றைத் தாங்கியவை தொலைபேசி நிலையங்களில் இணைப்பு மாற்றித் தரும் சுழல் விசைகள். தொடக்கப் பொத்தானை அழுத்தினால் 31 ஆணைகளும் நினைவகத்திற்குச் செல்லும். பிறகு அவையே துளையிட்ட காகித நாடாவைப் படித்து, வேண்டிய கணக்கை உள்ளே வாங்கும். கழைக்கூத்தாடியின் கால்கீழ் ஒரு சிறு முக்காலி இட்டதுபோல் ஆயிற்று. பிற்காலத்துத் துவக்கிகள் யாவும் இந்த முக்காலியின் வழித்தோன்றல்களே.

எனினும் கைவிசைகள் உடனே மறைந்துவிடவில்லை. 1975-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆல்டேர் என்னும் சிறு கணிப்பொறியிலும், ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுத்த பின்பும் முகப்பு விசைகளை மேலும் கீழும் தட்டியே முதல் ஆணைகளை ஊட்ட வேண்டியிருந்தது. மின்சாரம் போனாலும் அழியாத படிப்பு நினைவகம் மலிந்த பின்னரே அத்தொல்லை தீர்ந்தது. 1976-இல் இன்டெல் நிறுவனம் எஸ்.பி.சி. 80/10 என்னும் பலகையை வெளியிட்டது. கணிக்கும் சில்லு, நினைவகம், வெளித்தொடர்பு வாயில்கள் யாவும் ஒரே பலகையில் அமைந்த அது, மேசைமேல் வைப்பதற்கன்று. வேறோர் இயந்திரத்தின் வயிற்றுக்குள் வைப்பதற்கென்றே செய்யப்பட்டது.

இவ்விடத்தில் கதை நம் பக்கம் திரும்புகிறது. அதே இன்டெல் 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் ஆலை தொடங்கிற்று. அவ்வாண்டிலேயே ஈப்போவில் கார்செம் நிறுவனம் சில்லுகளைக் கட்டிப் பொதியும் தொழிலை ஆரம்பித்தது. பின்னர் யூனிசெம் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தும் லயங்கள் காலியாயின. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்து ஏறினர். மயிரினும் மெல்லிய பொற்கம்பியால் சில்லைப் பிணைத்து, கரும்பிசினில் வார்த்து, சோதித்து அனுப்பும் வேலை கிந்தாப் பள்ளத்தாக்கிற்கு வந்தது. அச்சில்லுக்குள் பதிந்திருக்கும் முதல் ஆணையை எழுதும் வேலையோ வேறெங்கோ இருந்தது. ரப்பர்ப் பால் நம் கையில், விலை இலண்டனில் என்றிருந்த பழைய ஏற்பாட்டை இது நினைவூட்டினால் அதில் வியப்பில்லை.

தோட்டத் துண்டாடலுக்கு இவ்வூர் கண்ட மறுமொழி ஒன்றுண்டு. 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். பால்மரம் வெட்டுவோரிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணம், தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. கணிப்பொறித் துறையில் இத்தகைய கூட்டுடைமை எழ மேலும் முப்பதாண்டு ஆயிற்று. 1991 ஆகஸ்டு 25-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் எழுதிவரும் இயக்கமுறையைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டு அதை யாரும் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறர்க்கும் அதே உரிமையுடன் தரவேண்டும் என்னும் பொது உரிமத்தின்கீழ் வைத்தார். சிறு பலகைகளில் பெரிதும் பயிலும் ஆர்ம் வகைச் சில்லுக்கு அதை 1994-இல் கொண்டுவந்தவர் ரஸ்ஸல் கிங். துவக்கியையும் அவ்வாறே பொதுவாக்கியவர் ஜெர்மானியரான வொல்ஃப்காங் டெங்க். 2000-இல் வேறு பெயரில் தொடங்கிய அவரது ஆணைத்தொகுதிக்கு 2002-இல் 'யூ-பூட்' என்று பெயராயிற்று. ஜெர்மன் மொழியில் அச்சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்று பொருள். அறிவியலாரும் சிலேடை பேசுவர்!

இனிப் பலகையையே எடுத்துக்கொள்வோம். 2013-இல் வெளிவந்த பீகிள்போன் பிளாக் நல்ல எடுத்துக்காட்டு. பூஜ்யத்திற்குக் கீழ் 40 பாகை முதல் 85 பாகை வரை வெப்பம் தாங்கும் தொழிற்சாலை வடிவமும் அதற்கு உண்டு. திரையும் விசைப்பலகையும் இல்லாத அதனோடு பேச, அறுமுள் வாயில் ஒன்றில் தொடர்கம்பி இணைக்கவேண்டும். இங்கேதான் புதியவர் இடறுவர். வாயிலின் மின்னழுத்தம் 3.3 வோல்ட், பழைய தொழிற்சாலைக் கருவிகளின் தொடர்கம்பியோ பன்னிரண்டு வோல்ட் வரை தள்ளும். மாற்றி இல்லாமல் பூட்டினால் சில்லு கருகிவிடும். வேகத்தை நொடிக்கு 115,200 குறி என்று பொருத்தாவிடில், வருவது மொழியன்று, குப்பை.

மின்சாரம் பாய்ந்ததும் முதலில் விழிப்பது சில்லுக்குள்ளேயே பதிந்த படிப்பு நினைவகம். அதற்குப் பலகையின் பெரிய நினைவகம் இருப்பதே தெரியாது. சில்லின் உள்ளே உள்ள சிற்றிடத்தில்தான் அது வேலை செய்யும். அச்சிற்றிடத்தில் அடங்குமாறு நறுக்கப்பட்ட முதல் துவக்கியை அட்டையிலிருந்து எடுத்து ஓடவிடும். அத்துவக்கி பெரிய நினைவகத்தைத் தட்டியெழுப்பி, முழு யூ-பூட்டை அதில் இறக்கும். யூ-பூட் இரண்டு பொருள்களைக் கொணரும்: லினக்சின் உள்ளீடாகிய கெர்னல் ஒன்று, 'கருவி மரம்' என்னும் பட்டியல் மற்றொன்று. பின்னதைத் தோட்டத்துச் செக்ரோல் என்றால் நம்மவர்க்கு உடனே விளங்கும். எந்த வாயில் எங்கே, எந்தக் கடிகாரம் எவ்வளவு வேகம், எந்தக் கம்பியில் எந்த உணர்கருவி என்பதெல்லாம் அதில் பெயர்வாரியாக இருக்கும். கிராணி பெரட்டில் பெயர் கூப்பிடுவதுபோல் கெர்னல் ஒவ்வொன்றாய் அழைக்கும். பதில் வந்ததும் வராததும் வரிவரியாய்க் கன்சோலில் ஓடும். இறுதியில் கோப்புத்தொகுதி எங்கே என்று தேடும். அதன் முகவரி தவறாயின் 'பேனிக்' என்று சொல்லி நின்றுவிடும். சரியாயின் முதற் செயலை ஓடவிட்டு, உள்நுழையப் பெயர் கேட்கும்.

வீட்டுக் கணிப்பொறி பேனிக்கில் நின்றால் ஒருவர் போய் நிறுத்திப் போடலாம். செம்பனைக் காட்டு நடுவே நீரேற்றும் பலகைக்கு அவ்வசதி கிடையாது. ஆகவேதான் தொழிற்சாலைப் பலகையில் 'காவல் கடிகாரம்' என்னும் சிறு அமைப்பு உண்டு. இயக்கமுறை குறித்த நேரத்திற்கொருமுறை அதைத் தட்டிக்கொண்டே இருக்கவேண்டும். தட்டாவிடில், நோயுற்றது எனக் கருதி அது பலகையை மறுபடியும் முதலிலிருந்து எழுப்பும். மாலை தவறாமல் இடி இடிக்கும் பேராக்கில் மின்வெட்டு நேரும்போது எழுதிக்கொண்டிருந்த கோப்பு சிதையக்கூடும். எனவே, கோப்புத்தொகுதியைப் படிப்பதற்கு மட்டும் என்று பூட்டிவைத்து, பதிவுகளுக்குத் தனி இடம் ஒதுக்குவது அனுபவசாலிகளின் வழக்கம்.

தமிழ்நாட்டில் இவ்வரலாறு இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. முன்னர்ப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சார்ந்தோர் 1998-இல் திட்டமிட்ட சிம்ப்யூட்டர் லினக்சில் ஓடும் கைக்கணிப்பொறியே. 2004-இல் விற்பனைக்கு வந்தும் எதிர்பார்த்த அளவு பரவவில்லை. அதன் சில்லு அயல்நாட்டாருடையது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வீ. காமகோடி குழுவினர் சில்லையே தாம் வரைந்து, 'சக்தி' எனப் பெயரிட்டு, அவ்வரைபடத்தை யாவரும் பயன்படுத்த வெளியிட்டனர். 2018-இல் அமெரிக்காவின் ஆரிகன் ஆலையில் வார்க்கப்பட்ட சக்தி சில்லில் லினக்ஸ் எழுந்தது. அவ்வாண்டே சண்டிகர் அரைக்கடத்தி ஆய்வகத்திலும் ஒரு சக்தி சில்லு வார்க்கப்பட்டது. வேகத்தில் அவை சந்தைச் சில்லுகளுக்கு ஈடல்ல என்பதை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் அங்கே முதல் ஆணை முதற்கொண்டு படித்துப் பார்க்கும்படி இருக்கிறது.

இதற்கு எதிரான போக்கும் வலுத்து வருகிறது. தயாரிப்பாளரின் இரகசியச் சாவியால் முத்திரையிடாத எந்தக் கெர்னலையும் முதல் துவக்கி மறுக்குமாறு சில்லிலேயே பூட்டிவிட இயலும். திருட்டையும் நாசவேலையையும் தடுக்க இது பயன்படுவது உண்மை. கொதிகலனை நடத்தும் பலகைக்கு அக்காவல் வேண்டியதுமாகும். சாவி ஆலைக்காரரிடம் இருந்தால் அது காவல். விற்றவரிடம் மட்டும் இருந்தால், ஆலை தன் இயந்திரத்திற்கே வாடகைக் குடி. அமெரிக்காவில் டிவோ என்னும் தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி லினக்சைப் பயன்படுத்திக்கொண்டே மாற்றிய கெர்னலை ஓட மறுத்ததால் பெரும் விவாதம் எழுந்தது. அத்தகைய பூட்டைத் தடுக்கும் விதி 2007-இல் பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் சேர்ந்தது. லினக்ஸ் கெர்னலோ இரண்டாம் பதிப்பிலேயே நின்றுவிட்டது.

யூ-பூட் எழும்போது கன்சோலில் ஓர் எண் இறங்கிக்கொண்டே வரும். பெரும்பாலும் மூன்று, இரண்டு, ஒன்று. அந்நேரத்தில் ஏதேனும் ஒரு விசையைத் தட்டினால் துவக்கம் நின்று, பலகை நம் ஆணைக்குக் காத்திருக்கும். சில தயாரிப்பாளர் அவ்வெண்ணைப் பூஜ்யமாக்கி அனுப்புகின்றனர். இன்னும் சிலர் தொடர்கம்பி வாயிலின் ஆறு முள்ளையும் பலகையிலிருந்தே எடுத்துவிடுகின்றனர். அங்கே ஈயம் பூசிய ஆறு துளைகள் மட்டும் இருக்கும்.