பிரேசில் ஏன் சேகாவை எடுத்துக்கொண்டது?

எண்பதுகளின் வீடியோ கேம் சரித்திரத்தை யார் எழுதினாலும் கதை ஒன்றுதான். 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வருகிறது. 1985இல் அதுவே என்.இ.எஸ். என்ற பெயரில் அமெரிக்கா போகிறது, சந்தையை மொத்தமாக வளைத்துப் போடுகிறது. சேகாவின் மாஸ்டர் சிஸ்டம் பின்னாலேயே ஓடிவந்து மூச்சு வாங்கி நிற்கிறது. காரணம் கேட்டால் "நிண்டெண்டோ கேம்கள் நல்லா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்று முடித்துவிடுவார்கள்.

எனக்கு இந்தப் பதில் போதவில்லை. ஏனென்றால் பிரேசிலில் கதை தலைகீழ். அதே இரண்டு இயந்திரங்கள், அதே மரியோ, ஆனால் ஜெயித்தது சேகா. 2016 வாக்கில் அங்கே விற்ற மாஸ்டர் சிஸ்டங்கள் சுமார் 80 லட்சம் என்று கணக்கு சொல்கிறார்கள். மற்ற நாடுகளில் செத்துப் பல வருஷமான ஒரு பெட்டி அது.

இயந்திரத்தின் தரம்தான் காரணமா? மாஸ்டர் சிஸ்டத்தில் 8 கிலோபைட் ரேம், என்.இ.எஸ்.ஸில் 2. வண்ணத்திலும் சேகாவின் கை ஓங்கியே இருந்தது. அப்படிப் பார்த்தால் அது அமெரிக்காவிலும் ஜெயித்திருக்க வேண்டும். கேம்கள்தான் காரணம் என்றால் நிண்டெண்டோ பிரேசிலிலும் ஜெயித்திருக்க வேண்டும். இரண்டுமே பொருந்தவில்லை. ஆக, விடை பெட்டிக்குள்ளே இல்லை, வெளியேதான் இருக்கிறது.

முதலில் துறைமுகத்தைப் பார்ப்போம். 1964 முதல் 1985 வரை பிரேசிலில் ராணுவ ஆட்சி. அந்த ஆட்சியின் கடைசிக் காலத்தில், 1984இல், கணினித் துறையை உள்நாட்டுக் கம்பெனிகளுக்கே ஒதுக்கும் சட்டம் வந்தது. பொதுவாகவே வெளிநாட்டு எலக்ட்ரானிக் சாமான்களை இறக்குமதி செய்வது குதிரைக்கொம்பு. கள்ளத்தனமாகக் கொண்டுவரலாம், கொண்டும் வந்தார்கள். அங்கே இன்னொரு சிக்கல் காத்திருந்தது. பிரேசிலின் கலர் டிவிக்கு பால்-எம் என்று உலகத்தில் வேறெங்கும் இல்லாத ஒரு முறை. அமெரிக்காவில் வாங்கிய கேம் பெட்டியை அந்த டிவியில் மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையில்தான் தெரியும். ரிப்பேர் கடையில் கொடுத்துப் பெட்டியைத் திறந்து, சர்க்யூட்டை மாற்றிக்கொண்டு வரவேண்டும். என் கணிப்பில், இந்தக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றே பல அப்பாக்களை "வேண்டாம்டா" என்று சொல்ல வைத்திருக்கும்.

நிண்டெண்டோ இந்தத் தலைவலிக்குள் நுழையவே இல்லை. நேரடியாக அது பிரேசிலுக்கு வந்தது 1993இல்தான். அதுவரை அந்த இடத்தை நகல் பெட்டிகள் நிரப்பின. கிராடியென்டே கம்பெனியின் ஃபாண்டம் சிஸ்டம், டைனாகாமின் டைனாவிஷன், சி.சி.இ.யின் டாப் கேம் எல்லாமே உள்ளுக்குள் என்.இ.எஸ்.தான். கொடுமை என்னவென்றால் ஜப்பானிய கேசட்டுக்கு 60 பின், அமெரிக்க கேசட்டுக்கு 72 பின். பல பெட்டிகள் ஒன்றைத்தான் ஏற்கும், இன்னொன்றுக்கு அடாப்டர் வேண்டும். கேசட்டைக் கடன் வாங்கி மாற்றி மாற்றி ஆடுவதில்தானே பிள்ளைகளின் உலகம் ஓடுகிறது? பக்கத்து வீட்டுக் கேசட் நம் பெட்டியில் நுழையாது என்றால் என்ன பிரயோஜனம். (நம்ம ஊரிலும் தொண்ணூறுகளில் "டிவி கேம்" என்று விற்றவை இதே ஃபேமிகாம் நகல்கள்தான். அவற்றில் மரியோ ஆடியவர்களில் எத்தனை பேருக்கு நிண்டெண்டோ என்ற பெயர் தெரிந்திருக்கும்?)

சேகா வேறு வழியில் வந்தது. 1987இல் டெக்டாய் என்ற கம்பெனி தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான டேனியல் டஸ்கால் அதற்கு முன்பு ஷார்ப் கம்பெனியில் இருந்தவர். அப்போது பிரேசிலின் பெரிய பொம்மைக் கம்பெனி எஸ்ட்ரேலா. எலக்ட்ரானிக் பொம்மைகளில் அது பெரிதாக அக்கறை காட்டவில்லை. டெக்டாய் அந்த இடைவெளியில் புகுந்தது. அமேசான் காட்டு நடுவே, வரிச்சலுகை உள்ள மனாவுஸ் நகரில் தொழிற்சாலை போட்டது. முதலில் சேகாவின் ஸில்லியன் பொம்மைத் துப்பாக்கி, பிறகு 1989 செப்டம்பரில் மாஸ்டர் சிஸ்டம். உள்நாட்டில் தயாரானதால் துறைமுகப் பிரச்சினை தீர்ந்தது. பால்-எம் டிவியில் கலரிலேயே படம் வந்தது. கெட்டுப்போனால் தூக்கிக்கொண்டு போக ஒரு இடமும் இருந்தது.

அந்த வருஷம் பிரேசிலின் பணவீக்கம் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைய விலை அடுத்த வாரம் இருக்காது. அப்படிப்பட்ட காலத்தில் பொம்மைக்குப் பணம் செலவழிக்கும் குடும்பம் எதைப் பார்க்கும்? நாளைக்கும் இந்தக் கம்பெனி இருக்குமா, கேசட் கிடைக்குமா என்றுதான் பார்க்கும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது மோனிகா விவகாரம். மவுரிசியோ டி சோசாவின் காமிக்ஸ் நாயகி மோனிகா பிரேசிலில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிந்தவள். கோபக்காரச் சிறுமி, கையில் நீல நிற முயல் பொம்மை, அதைச் சுழற்றிப் பையன்களை அடிப்பாள். சேகாவிடம் வொண்டர் பாய் என்ற ஜப்பானிய கேம் வரிசை இருந்தது. டெக்டாய் அதில் ஒன்றை எடுத்து, நாயகனைத் தூக்கிவிட்டு மோனிகாவைப் போட்டது, வாளுக்குப் பதில் முயல் பொம்மை. 1991இல் போர்ச்சுகீஸ் எழுத்துகளோடு வெளியானது. அதே வருஷம் ஃபேண்டஸி ஸ்டாரையும் போர்ச்சுகீஸில் கொண்டுவந்தார்கள். அது வாசித்து வாசித்து ஆட வேண்டிய நீண்ட கேம், ஆங்கிலம் தெரியாத பிள்ளைக்கு அதன் ஆங்கிலப் பிரதி வெறும் சுவர்தான். கேமில் மாட்டிக்கொண்டால் போன் பண்ணி வழி கேட்கும் வசதியும் இருந்தது. தன் கேமின் உள்ளே கைவைக்க இன்னொரு கம்பெனியைச் சேகா அனுமதித்ததுதான் பெரிய விஷயம். நிண்டெண்டோ அந்தக் காலத்தில் தனக்குக் கேம் செய்பவர்களையே கறாரான ஒப்பந்தத்தில் கட்டிப்போட்டு வைத்திருந்தது.

1993இல் கிராடியென்டேவும் எஸ்ட்ரேலாவும் சேர்ந்து பிளேட்ரானிக் என்ற பெயரில் நிண்டெண்டோவை முறைப்படி கொண்டுவந்தபோது நான்கு வருஷம் ஓடிவிட்டது. அண்ணனிடம் மாஸ்டர் சிஸ்டம் இருந்தால் தம்பிக்கும் அந்தக் கேசட்டுகள்தான் சொத்து. 1997இல்கூட அந்த 8 பிட் பெட்டிக்கு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வெளியிட்டார்கள் என்றால் பாருங்கள்.

ஆனால் "உள்ளூரில் தயாரித்தால் ஜெயிக்கலாம்" என்று இதைச் சூத்திரமாக்கவும் முடியாது. அதே 1997 டிசம்பரில் டெக்டாய் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்புக்குப் போனது. அடுத்து அந்த நாட்டைப் பிடித்த முதல் பிளேஸ்டேஷனை சோனி பிரேசிலில் முறைப்படி விற்கவே இல்லை. பராகுவே எல்லை வழியாக வந்த பெட்டி, தெருவோரத்தில் விற்ற நகல் சிடி. கேசட்டை நகல் எடுக்கத் தொழிற்சாலை வேண்டும், சிடிக்கு ஒரு கம்ப்யூட்டர் போதும். டெக்டாய் கட்டிய ரிப்பேர் மையம், மொழிபெயர்ப்பு எதுவும் அந்த விலைக்கு முன்னால் நிற்கவில்லை. பிளேஸ்டேஷன் 2ஐக்கூட சோனி அங்கே முறைப்படி வெளியிட்டது 2009இல்தான்.

2013இல் அமெரிக்காவில் 399 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 4, பிரேசிலில் 3,999 ரியாலுக்கு வந்தது. அன்றைய மதிப்பில் 1,800 டாலருக்கு மேல். சோனி வரிகளைக் காரணம் காட்டியது. அந்த வருஷங்களிலும் 132 கேம்களை உள்ளேயே அடக்கிய ஒரு மாஸ்டர் சிஸ்டத்தை டெக்டாய் விற்றுக்கொண்டிருந்தது.