வளங்குன்றாத் தொழில்: பரங்கிப்பேட்டை உலையும் நெல்லிக்குப்பம் ஆலையும்

சிதம்பரத்துக்கு அருகே, வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் 1830-இல் ஓர் இரும்பு உருக்காலை எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியை விட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத் அதை நிறுவினார். ஐரோப்பிய முறையில் இந்தியாவில் இரும்பு உருக்க எடுக்கப்பட்ட தொடக்க கால முயற்சிகளில் இதுவே பெரியது எனலாம்.

ஹீத்துக்குப் பெரிய நோக்கம் இருந்தது: இந்திய இரும்பை இங்கிலாந்துச் சந்தையில் நிறுத்துவது. சேலம் வட்டாரத்துத் தாதுவும் நல்ல தாது. சிக்கல் எரிபொருளில் வந்தது. நிலக்கரி கிடையாது, மரக்கரிதான். மரக்கரியை மூட்டை கட்டி மாட்டுவண்டியில் நெடுந்தூரம் கொண்டுபோனால் குலுங்கிக் குலுங்கி அடிமூட்டை தூளாகிவிடும். தூளை உலையில் கொட்டினால் காற்றோட்டம் அடைபடும். ஆகவே காடு கிட்டத்தில் இருந்தாக வேண்டும். கிட்டத்துக் காட்டை வெட்டித் தீர்த்தாலோ அடுத்த ஆண்டு வண்டி இன்னும் தூரம் போக வேண்டும், கூலியும் ஏறும். மரம் வளரப் பல ஆண்டுகள் ஆகும், உலைக்கோ அது சில மணி நேரத் தீனி. அரசுக் கடனும் 1853-இல் வந்த கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதிய அமைப்பும் இந்தக் கணக்கை மாற்றவில்லை. 1860-களில் உலை அணைந்தது. சென்னை மாகாணக் காடுகளைக் காக்கும் அதிகாரியாக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டதே, உலை எழுந்து கால் நூற்றாண்டு கழித்து, 1856-இல்தான்.

அதே மாவட்டத்தில், கடலூருக்கு மேற்கே நெல்லிக்குப்பத்தில், பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1840-களில் தொடங்கியது. இன்றும் அங்கே கரும்பு அரைபடுகிறது. சாறு பிழிந்த சக்கையே கொதிகலனுக்கு விறகு; அந்த நீராவியில் ஆலை ஓடுகிறது, மின்சாரமும் கிடைக்கிறது. கழிவுப்பாகு வடிசாலைக்குப் போகிறது. ஆலைக்கு வேண்டிய எரிபொருளை ஆண்டுதோறும் சுற்றுவட்டார வயல்களே விளைவித்துத் தருகின்றன. ஆனாலும் கரும்பு தண்ணீரை அதிகம் குடிக்கும் பயிர் என்பதை மறந்துவிடக் கூடாது. காட்டை மறந்த கணக்குப் போலத்தான் நிலத்தடி நீரை மறந்த கணக்கும்.

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையில் விடுபட்ட கணக்கு காற்று. 1980-களில் தொடங்கிய அந்த வளாகத்தில் வேதிப்பொருள், சாயம், மருந்து ஆலைகள் வந்தன. சுற்றியிருந்த ஊர்களுக்கு வேலையோடு நாற்றமும் வந்தது. 2004-இல் அவ்வூர் மக்களே கண்காணிப்புக் குழு அமைத்தனர். எந்த நாள், எத்தனை மணி, அழுகிய முட்டை வாடையா, மருந்து நெடியா என்று குறித்து வைத்தனர். வாளிக்குள் வைத்த பையில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர்.

பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டவற்றுள் சந்தை மதிப்பில் முதல் 1,000 இந்திய நிறுவனங்கள் தாம் செலவிடும் நீரையும் எரிபொருளையும் வெளிவிடும் புகையையும் ஆண்டறிக்கையில் தெரிவிக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான செபி 2022-23 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. சிப்காட் ஊர்மக்கள் தங்கள் நோட்டுப் புத்தகங்களில் அதற்கும் பல ஆண்டுகள் முன்பே காற்றின் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டனர்.