புண்படுதலும் தண்டித்தலும்: நயினாதீவிலிருந்து ஒரு நோக்கு

நயினாதீவில் நாகபூசணி அம்மன் ஆலயமும் நாகவிகாரையும் ஒன்றுக்கொன்று அண்மையில் அமைந்துள்ளன. மணிமேகலை கூறும் மணிபல்லவம் இத்தீவே என ஆய்வாளர் சிலர் கொள்வர். அக்காப்பியத் தலைவி சமயக் கணக்கர் பலரின் வாதங்களையும் செவிமடுத்த பின்னரே நோன்பேற்றாள் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஒவ்வாத கருத்தைக் கேட்டல் அங்குக் குற்றமாகக் கொள்ளப்படவில்லை.

இலங்கையின் 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 14ஆம் உறுப்புரையிற் பேச்சுச் சுதந்திரத்தை வழங்குகின்றது. 15ஆம் உறுப்புரையில் இன, மத இசைவின் பொருட்டு அதனை மட்டுப்படுத்த இடமளிக்கின்றது. அம்மட்டுப்பாடு எவர்மீது பாய்கின்றது என்பதே நமது வினா.

2010 மார்ச்சில், அமெரிக்கப் பாடகர் ஏகான் கொழும்பில் நடத்தவிருந்த இசை நிகழ்ச்சிக்கு எதிர்ப்பு எழுந்தது. அவர் பங்குகொண்ட பாடற்காட்சி ஒன்றின் பின்னணியிற் புத்தர் சிலை தோன்றியமையே காரணம். நிகழ்ச்சிக்கு அனுசரணை வழங்கிய ஒலிபரப்பு நிறுவனத்தின் தலைமையகம் கல்லெறிந்து தாக்கப்பட்டது. அரசோ பாடகருக்கு விசா மறுத்தது. ஆயின் 2014 யூனில் அளுத்கமையில் முஸ்லிம்களுக்கு எதிராக வெளிப்படையாகப் பேசப்பட்டது. அதனைத் தொடர்ந்து உயிர்கள் பலியாயின. பேசியவர் அவ்வாண்டில் அதற்காகக் கைதாகவில்லை. 2020 மே மாதத்தில் 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலுக்காக அஹ்னாப் ஜஸீம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ்க் கைதுசெய்யப்பட்டார். அந்நூலில் தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் இருந்தன. ஏறத்தாழ 19 மாதங்களின் பின் பிணை கிடைத்தது. 2023இல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

பெரும்பான்மையினரின் மனம் நொந்தால் அது பொது ஒழுங்குப் பிரச்சினையாகின்றது. சிறுபான்மையினர் உயிரிழப்பினும் பேச்சாளரின் உரிமை பேணப்படுகின்றது. இந்த இரட்டை அளவுகோல் அரசுக்கு மட்டும் உரியதன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவியான கவிஞர் செல்வியை 1991இல் விடுதலைப் புலிகள் பிடித்துச் சென்றனர், அவர் மீளவில்லை. அரசின் தணிக்கையைக் கண்டித்த நம்மவருட் பலர் அன்று வாய் திறக்கவில்லை.

2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, பாகுபாட்டுக்கோ பகைமைக்கோ வன்முறைக்கோ தூண்டும் வெறுப்புப் பரப்புரையையே தடைசெய்கின்றது. மனம் நோவச் செய்தல் வேறு. தாக்குமாறு தூண்டுதல் வேறு. முன்னதற்கு மறுப்புரையும் புறக்கணிப்பும் போதும். பின்னதற்கே சட்டம் வேண்டும். நமக்கு ஒவ்வாத பாடலுக்கும் இவ்விதியையே பொருத்த நாம் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். அன்றேல் நாம் கோருவது உரிமையன்று, சலுகையே.