இரண்டாவது கேமரா எதற்கு? – ஒரு சிறு வரலாறு

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கும் படிப்பவர்களுக்கும் வேடந்தாங்கல் அப்படியொன்றும் தூரமில்லை. சிங்கப்பெருமாள் கோவில் சாலையைப் பிடித்து, ஜி.எஸ்.டி. சாலையில் படாளம் கூட்டுரோடு வரை போய்த் திரும்பினால் ஏரிக்கரை வந்துவிடும். பறவைகளைக் காக்கும் ஊராரின் உரிமையை ஏற்று 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸ் கவுல் எழுதிக் கொடுத்த ஊர் அது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

விடியலில் அந்தக் கரையில் நிற்பவருக்கு ஒரே நேரத்தில் இரண்டு படங்கள் தெரியும். ஒன்று, தூரத்து மரத்தில் குஞ்சுக்கு இரை ஊட்டும் நாரை. மற்றொன்று, பனியும் நீரும் மரங்களுமாக விரியும் ஏரி. முதலாவதுக்கு டெலி லென்ஸ் வேண்டும், இரண்டாவதுக்கு வைட் லென்ஸ். கழற்றி மாட்டுவதற்குள் நாரை பறந்துவிடும்! "இன்னொரு பாடி வாங்கினால் என்ன?" என்ற ஆசை பிறப்பது அங்கேதான். ஆனால் அது சில மாதச் சம்பளத்தை விழுங்கும் ஆசை. இந்த இரண்டாவது பாடி எதற்காக வந்தது என்று தெரிந்துகொண்டால் பணம் வீணாகாது.

ஃபிலிம் காலம்

ஃபிலிம் காலத்தில் பிரச்சினை லென்ஸ் மட்டுமல்ல, சுருளும்தான். ஒரு 35 மி.மீ. சுருளில் 36 படங்கள். அது முடியும்வரை வேறு ஃபிலிமுக்கு மாறுவது பெரும் தொல்லை. நிலக்காட்சிக்காரர்கள் வேகம் குறைந்த ஃபிலிமை விரும்பினார்கள். 1990-ல் வந்த ஃபியூஜியின் வெல்வியா 50 வேகம்தான். நிறம் அள்ளும், ஆனால் ட்ரைபாட் வேண்டும். விலங்குக்கும் பறவைக்கும் 400 வேகம் தேவைப்பட்டது. வித்தியாசம் எட்டு மடங்கு. வெல்வியாவில் நொடியில் 60-ல் ஒரு பங்கு வேகத்தில் எடுக்க வேண்டிய படத்தை, 400-ல் சுமார் 500-ல் ஒரு பங்கில் எடுத்துவிடலாம். பறக்கும் சிறகு தெளிவாக விழுவதும் கலங்கிப்போவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருந்தது.

ஆக, ஒரு பாடியில் வெல்வியா, மற்றொன்றில் வேக ஃபிலிம் என்று இரண்டைத் தோளில் மாட்டினார்கள். இதற்கு வேறொரு தீர்வும் இருந்தது. 1948-ல் வந்த ஹாசல்பிளாட் கேமராவில் ஃபிலிம் பெட்டியைத் தனியாகக் கழற்றி, பாதிச் சுருளிலேயே மாற்றிக்கொள்ளலாம். விலைதான் எட்டாது.

கிருஷ்ணன் செய்த கேமரா

தமிழ்நாட்டில் காட்டுயிர்ப் படம் என்றதும் நினைவுக்கு வருபவர் மா. கிருஷ்ணன் (1912–1996). 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். 1970-ல் பத்மஸ்ரீ பெற்றவர். கறுப்பு வெள்ளையில் படமெடுத்தவர். அவருடைய கேமராவின் பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. கடையில் கிடைப்பதல்ல! பாடி ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற பாகங்களும் அவரே சேர்த்துப் பொருத்தியவை. இயற்கையாளர் இ.பி. ஜீ இதைத் தன் நூலில் சிரிப்பும் வியப்புமாக விவரித்திருக்கிறார். தனக்கு என்ன படம் வேண்டும் என்பதில் கிருஷ்ணனுக்குக் குழப்பமில்லை. அதற்கேற்ற கருவியைத் தானே உருவாக்கிக்கொண்டார்.

டிஜிட்டல் வந்த பிறகு

டிஜிட்டலில் ஒவ்வொரு படத்துக்கும் வேகத்தை மாற்றலாம். இரண்டாவது பாடிக்கு இருந்த பழைய காரணம் அத்தோடு போனது. ஆனால் புதிய காரணம் ஒன்று வந்தது, சென்ஸாரின் அளவு. 2007 ஆகஸ்டில் நிக்கான் இரண்டு கேமராக்களை ஒன்றாக அறிவித்தது. டி3-யில் பெரிய சென்ஸார், 12.1 மெகாபிக்ஸல். டி300-ல் சிறிய சென்ஸார், 12.3 மெகாபிக்ஸல். டி3 படத்தில் சிறிய சென்ஸாரின் அளவுக்கு வெட்டினால் மிஞ்சுவது 5.1 மெகாபிக்ஸல்தான். அதாவது தூரத்துப் பறவைக்கு விலை குறைந்த டி300-ல் விவரம் அதிகம். அகன்ற காட்சிக்கும் மங்கிய வெளிச்சத்துக்கும் டி3. நிலத்துக்குப் பெரியது, பறவைக்குச் சிறியது என்ற ஜோடி இப்படித்தான் பழக்கமானது.

அந்தக் கணக்கும் நிலைக்கவில்லை. 2016-ல் வந்த சிறிய சென்ஸார் டி500-ல் 20.9 மெகாபிக்ஸல். அடுத்த ஆண்டு வந்த பெரிய சென்ஸார் டி850-ல் 45.7. அதை வெட்டினாலும் 19.4 மிஞ்சியது! ஒரே பாடி ஏறக்குறைய இரண்டு வேலையும் செய்தது.

மிச்சமிருக்கும் காரணங்கள்

ஒன்று தூசு. ஃபிலிமில் விழுந்த தூசு அந்தப் படத்தோடு நகர்ந்துவிடும். சென்ஸாரில் ஒட்டினால் எல்லாப் படத்திலும் நிற்கும். அதுவும் துளையைச் சுருக்கி எடுக்கும் நிலக்காட்சியில், வானத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். தூசை உதறும் வசதி 2003-ல் ஒலிம்பஸ் இ-1-ல் வந்தது, இருந்தாலும் தொல்லை தீரவில்லை. கன்டெய்னர் லாரிகள் புழுதி கிளப்பும் ஒரகடம் சாலையோரம் லென்ஸைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மற்றொன்று, ஒரு பாடி பழுதானாலும் அன்றைய பயணம் வீணாகாது.

மவுண்ட் விஷயத்திலும் வரலாறு எச்சரிக்கிறது. 1987-ல் கேனான் மவுண்டை மாற்றியபோது பழைய லென்ஸ்கள் புதிய பாடிக்குப் பொருந்தவில்லை. 2018-ல் நிக்கானும் கேனானும் மிரர்லெஸ்ஸுக்குப் புதிய மவுண்ட் கொண்டுவந்தன. அடாப்டர் போட்டால் பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸைப் புதிய பாடியில் மாட்டலாம், புதிய லென்ஸைப் பழைய பாடியில் மாட்ட முடியாது. மலிவாகக் கிடைக்கிறதென்று செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். லென்ஸும் பேட்டரியும் இரண்டுக்கும் பொதுவாக இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

ஆகவே கடைக்குப் போகும் முன், தவறவிட்ட படங்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நல்லது. பறவை எட்டாமல் போனதா, லென்ஸ் மாற்றும் நேரத்தில் போனதா, வெளிச்சம் போதாமல் போனதா? வெளிச்சம்தான் காரணம் என்றால் தேவை இன்னொரு பாடி அல்ல, நல்ல லென்ஸ். பல நேரங்களில் ஒரு ட்ரைபாடே போதும்.