மறைத்துக் குடித்தவர்கள்

கொழும்பு புறக்கோட்டை மலிபன் வீதியில் கணக்கெழுதிப் பிழைத்தவன் நான். கடை மூடியதும் மூட்டை சுமக்கும் நாட்டாமைமார் தவறணைக்குப் போவதை எல்லோரும் கண்டோம். உடல்நோவுக்குக் குடிக்கிறார்கள் என்று பொறுத்தோம். பெண்ணின் குடியை யாரும் பொறுக்கவில்லை.

சட்டமும் அப்படியே. 1979இன் மதுவரி அறிவித்தல் பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அந்த மாற்றத்தை மீளப்பெறச் சொன்னார். கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை அக்கா ஒருவர் பிறரைக் கொண்டு போத்தல் வாங்கிக் கதவடைத்துக் குடித்தார். குடித்த கணவரை வைத்தியரிடம் கூட்டிப்போன குடும்பம், அக்காவை அறைக்குள் வைத்தே பூட்டியது.

போதையில் விழும் தன்பாலின ஈர்ப்புள்ளோருக்குச் சுமை இன்னும் பெரிது. 1883இன் தண்டனைச் சட்டக்கோவை 365ஆம் பிரிவால் அவர்களைக் குற்றவாளிகளாக்கியது. 1995இன் திருத்தம் 365ஏ பிரிவுக்குள் பெண்களையும் இழுத்தது. திருநங்கையர்மீது 1841இன் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் பாய்ந்தது. போதைப் பழக்கத்தைக் கையாள 1984இல் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை பிறந்தது. ஆனால் ஏன் குடிக்கிறாய், ஏன் தூள் அடிக்கிறாய் என்ற கேள்விக்கு உண்மை சொன்னால் அதுவே குற்ற வாக்குமூலமாகிவிடும் என்று அஞ்சுகிறவர் எப்படிக் குணமாவார்?

தன்பாலின உறவுக்கான தண்டனையை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாடாளுமன்றம் அத்தகைய சட்டத்தை நிறைவேற்ற வேண்டும். சிகிச்சை நிலையங்களும் வருகிறவரை நியாயம் விசாரிக்காமல் ஏற்க வேண்டும்.