முதல் தவணைக்கு முந்திய பணம்: புனேயின் எரவாடாவும் 30,000 ரூபாயும்

எரவாடா என்றதும் தமிழ் வாசகரின் நினைவுக்கு வருவது சிறைச்சாலை. 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது அங்கேதான். புனே நகரின் அப்பகுதியில் நேதாஜி நகர், அன்னை தெரசா நகர், யஷ்வந்த் நகர் எனப் பல குடிசைப்பகுதிகள் உள்ளன. 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவற்றில் தகரமும் பலகையுமாக நின்ற வீடுகள் பல இடிக்கப்பட்டு, அதே இடத்தில் 25 சதுர மீட்டர் அளவில் கான்கிரீட் வீடுகளாக எழுந்தன. யாரும் நகரின் விளிம்புக்குத் துரத்தப்படவில்லை. சந்துகளின் போக்கும் பெரிதும் மாறவில்லை. கட்டடக்கலைஞர்கள் இம்முயற்சியைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். அதன் கணக்கேட்டில் இருந்த ஒரு சிறு தொகையைப் பற்றிய எழுத்து குறைவு.

ஒரு வீட்டின் மதிப்பீடு 3 இலட்சம் ரூபாய். அதில் பாதியை மத்திய அரசும், 30 விழுக்காட்டை மாநில அரசும், 10 விழுக்காட்டை மாநகராட்சியும் ஏற்றன. எஞ்சிய 10 விழுக்காடு, அதாவது 30,000 ரூபாய், குடும்பத்தின் பங்கு. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாகர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் ஏழைகளுக்கான பிரிவு வகுத்த விதி இது: வீடு இலவசமாகத் தரப்படக் கூடாது, பயனாளி குறைந்தது 12 விழுக்காடு தர வேண்டும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் முதலியோருக்கு 10. இலவசமாக வந்த பொருளை மக்கள் பேண மாட்டார்கள் என்னும் பழைய அதிகாரவர்க்க நம்பிக்கை இவ்விதிக்குள் இருப்பதை மறுக்க இயலாது. ஆயினும் எண்பதோ தொண்ணூறோ விழுக்காட்டை அரசு ஏற்றாலும், எஞ்சிய பத்தைத் திரட்ட முடியாத குடும்பம் பழைய தகரத்தின் கீழேயே இருந்துவிடும் என்பதுதான் நடைமுறை. வீட்டின் வாயில் திறப்பது அந்தப் பத்தில்தான்.

அதைத் திரட்டும் முறை புனேயில் புதிதாகப் பிறந்ததன்று. எரவாடாவின் ஒரு பகுதியில் பணியை ஏற்றவை ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனமும் மகிளா மிலன் என்னும் பெண்கள் அமைப்பும். இவற்றோடு கைகோத்த மூன்றாவது அமைப்பு தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு. அதை 1970களில் தோற்றுவித்த ஜாக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர், 2000இல் மகசேசே விருது பெற்றவர், 2018இல் மறைந்தார். மகிளா மிலன் 1980களின் பிற்பகுதியில் பம்பாயின் பைகுலா நடைபாதைகளில் வாழ்ந்த பெண்களிடையே உருவானது. ஒரு பெண் வீடுவீடாகச் சென்று அன்றன்றைக்கு இயன்றதைப் பெற்றுக் குறித்துக்கொள்வாள். ஐந்து ரூபாயும் ஏற்கப்படும், வெறுங்கையும் ஏற்கப்படும். மறுநாள் மீண்டும் வருவாள். அவசரக் கடனும் அந்தச் சேமிப்பிலிருந்தே. வீட்டுக்கான சேமிப்பு தனிக்கணக்கு. எரவாடாவில் குடும்பங்களோடு பேசுவதிலும் அவற்றின் பங்கைத் திரட்டுவதிலும் இப்பெண்களே முன்னின்றனர்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ஏழைகளின் சேமிப்பைப் புகழ்வது எளிது. ஆய்வுக்கட்டுரைகளில் அது ஏறத்தாழ ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. சேமிப்பு உதவியன்று. அது அவர்கள் பணம். எரவாடாவில் உதவியாக இருந்தது மற்ற 90 விழுக்காடு. மேலும், தன் பங்கைத் தினக்கூலியின் தாளத்துக்கு ஏற்பச் சேர்க்கக் கிடைத்த ஏற்பாடு.

வங்கிகளின் உலகில் அத்தாளத்துக்கு இடமில்லை. 1977இல் ஹஸ்முக் பரேக் தொடங்கிய எச்.டி.எஃப்.சி. நிறுவனம் மறு ஆண்டு தந்த முதல் வீட்டுக்கடன் 30,000 ரூபாய், வட்டி 10.5 விழுக்காடு. பம்பாயின் மலாட் பகுதியில் எழுந்த அவ்வீட்டின் விலை 70,000. நாட்டின் வீட்டுக்கடன் வரலாற்றில் கொண்டாடப்படும் இந்தக் கதையில், கடன் வாங்கியவர் கையிலிருந்து போட்ட 40,000 ரூபாயை யாரும் கொண்டாடுவதில்லை. வீட்டு விலையில் பாதிக்கும் மேலானதை முன்னரே வைத்திருந்தவருக்குத்தான் முதல் கடன் கிடைத்தது. இந்த இடைவெளியை அரசு அறியாமலில்லை. 1988இல் நிறுவப்பட்ட தேசிய வீட்டுவசதி வங்கி, 1989இல் ஒரு வீட்டுக்கடன் கணக்குத் திட்டத்தைக் கொண்டுவந்தது: குறைந்தது ஐந்து ஆண்டுகள் சேமித்தால், சேமிப்பின் மடங்காகக் கடன். கருத்தளவில் மகிளா மிலன் செய்ததும் இதுவே. ஆனால் இதற்கு வங்கிக்கணக்கும் மாறாத வருமானமும் வேண்டும்.

பிம்ப்ரி-சிஞ்ச்வட் ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளிக்கு வருங்கால வைப்புநிதி உண்டு. வீடு வாங்க அதிலிருந்து 90 விழுக்காடு வரை எடுக்க 2017இல் வழி செய்யப்பட்டது. கட்டுமானத் தொழிலாளிக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் எஞ்சுவது மராத்தியில் பிஷி எனப்படும் சீட்டும், நகை அடகும், ஊரிலிருக்கும் உறவும்தான்.

2015இல் வந்த பிரதமர் வீட்டுவசதித் திட்டம் உதவியின் இடத்தை மாற்றியது. சொந்தமாக வாங்குவோருக்கு வட்டி மானியம் முதன்மையாயிற்று. ஆண்டு வருமானம் 6 இலட்சத்துக்கு மிகாதவர்க்கு, கடனின் முதல் 6 இலட்சத்துக்கு 6.5 விழுக்காடு, அதன் இன்றைய மதிப்பான ஏறத்தாழ 2.67 இலட்சம் ரூபாய் மொத்தமாகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. சிறிய தொகையன்று. ஆனால் அது வந்து சேர்வது கடன் வழங்கப்பட்ட பின். மாதத் தவணை குறையும், முன்பணம் குறையாது. அதே ஆண்டில் ரிசர்வ் வங்கி 30 இலட்சம் ரூபாய் வரையிலான கடன்களுக்கு வீட்டு மதிப்பில் 90 விழுக்காடு வரை கடன் தர அனுமதித்தது. அப்படியாயினும் 10 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு ஒரு இலட்சம் கையில் இருக்க வேண்டும். அதற்குமேல் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம். விலை 10 இலட்சத்தைத் தாண்டினால் இச்செலவுகளைக் கடன் கணக்கிடும் மதிப்பில் சேர்க்கவும் முடியாது. 3,000 ரூபாய் வாடகையைப் பத்தாண்டுகள் தவறாமல் கட்டிய குடும்பம் தவணையையும் கட்டிவிடும். அக்குடும்பத்தைத் தடுப்பது தவணைக்கு முந்திய அந்த ஒரு தொகை.

அத்தொகை எங்கிருந்து வருகிறது என்பதே பெற்றோரைப் பற்றிய கேள்வி. அமெரிக்காவில் 2021இல் மேக்சின் வாட்டர்ஸ் முன்வைத்த ஒரு சட்ட முன்வரைவு, முன்பணத்துக்கே நேரடி உதவி கோரியது. பெற்றோர் சொந்த வீடு இல்லாதவர்களாக இருந்தவர்களே அதன் இலக்கு. அது சட்டமாகவில்லை. இந்திய விதியோ கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் என்னும் குடும்பத்தின் பெயரில் நாட்டில் எங்கும் நிலையான வீடு இருக்கக் கூடாது என்பதோடு நின்றுவிடுகிறது. தந்தை விற்ற நிலத்தின் பணத்தோடு வருபவரும், தந்தையே நடைபாதையில் வாழ்ந்தவரும் இதன் முன் ஒன்றே. தமிழ்நாட்டுக்கு இவ்வேறுபாடு புதிதன்று: 2010இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி கட்டணச் சலுகை, மாணவரை மட்டும் பாராமல் அவர் வீட்டில் முன்பு யார் படித்தார் என்றும் கேட்டது. கல்வியில் கேட்கப்பட்ட கேள்வி வீட்டுவசதியில் கேட்கப்படவில்லை. சாதியும் நிலவுடைமையும் பின்னிக்கிடக்கும் நாட்டில் இந்த மௌனத்தைத் தற்செயல் என்று கொள்வது கடினம்.

2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் கட்டத் திட்டத்திலும் போக்கு மாறவில்லை. வட்டி மானியத்தின் உச்சம் 1.80 இலட்சம் ரூபாய். அதுவும் ஐந்து ஆண்டுத் தவணைகளாக, கடன் ஒழுங்காக நடந்தால் மட்டும். இதற்கு மாறாக, முதல் நாளிலேயே கைப்பணத்தைக் குறைக்கும் சலுகை ஒன்று மகாராஷ்டிரத்தில் உண்டு: பெண்கள் பெயரில் மட்டும் பதிவாகும் வீட்டுக்கு 2021 ஏப்ரல் 1 முதல் முத்திரைத் தீர்வையில் ஒரு விழுக்காடு குறைவு. 10 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு அது 10,000 ரூபாய். கணவன் பெயரும் பத்திரத்தில் சேர்ந்தால் அதுவும் இல்லை.